கல்வி செய்தியாகும் வழி: இந்தியக் கல்வி அமைப்புகளும் இதழாளர்களும் (1989 – 2024)

ஆய்வுச் சுருக்கம்

கல்விப் பணியில் ஈடுபடும் அமைப்புகள் தம் பணியையும் கண்டறிதல்களையும் நாளிதழ்களுக்கு எவ்வாறு கொண்டுசென்றன என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. 1990, 1991ஆம் ஆண்டுகளின் எழுத்தறிவு அறிவிப்புகள், புதுக்கோட்டை அறிவொளி இயக்கம், 1999இல் வெளிவந்த அடிப்படைக் கல்வி அறிக்கை, 2005 முதல் வெளிவரும் 'அசர்' அறிக்கை, 2011இல் வெளியான பிசா தரவரிசை ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. பெற்றோரையும் ஊராரையும் நோக்கிச் சொல்லப்பட்ட செய்தி, நடைமுறையில் அரசு அலுவலகங்களின் வழியாகவே பயன் தந்தது என்பதும், செய்திக்கு ஏற்ற வடிவம் பெறுகையில் ஆசிரியரும் குழந்தையும் தம் சூழலிலிருந்து பிரித்துக் காட்டப்பட்டனர் என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: கல்விச் செய்தி, செய்திக் குறிப்பு, அறிவொளி இயக்கம், அசர், பிசா, கற்றல் அடைவு, ஆசிரியர் வருகை.

முன்னுரை

வெள்ளமும் தேர்தலும் தாமாகவே செய்தியாகின்றன. வகுப்பறையில் நாள்தோறும் நிகழும் கற்றல் அவ்வாறு செய்தியாவதில்லை. ஒரு குழந்தை ஆண்டு முழுவதும் மெல்ல மெல்லப் படிக்கக் கற்கிறது. அல்லது கற்காமலே அடுத்த வகுப்புக்குச் செல்கிறது. இவ்விரண்டிலும் 'இன்று நிகழ்ந்தது' என்று சுட்டத்தக்க ஒரு நாள் இல்லை. தேர்வு முடிவு வெளியாகும் நாள், பள்ளி திறக்கும் நாள், கட்டண உயர்வு, விபத்து ஆகியவற்றைத் தவிர்த்தால், நாளிதழில் கல்விக்குக் கிடைக்கும் இடம் குறைவாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

ஆகவே, கல்வி அமைப்புகள் தாம் சொல்ல விரும்பியதைச் செய்தியாக்க வேண்டுமாயின், அதற்கு ஒரு நாளையும் ஓர் உருவத்தையும் தாமே அமைத்துத் தரவேண்டியிருந்தது. அந்த உருவம் விழாவாக இருக்கலாம், எண்ணாக இருக்கலாம், பட்டியலில் ஓர் இடமாகவும் இருக்கலாம். இந்தியாவில் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் இவ்வுருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிவந்துள்ளன. உருவம் மாறியபோது பொதுமக்கள் கல்வியைப் பற்றி அறிந்துகொண்டதும் மாறியது. இம்மாற்றத்தைத் தொடர்ந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அறிவிப்பே செய்தியான காலம்

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு சனவரியில் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில், மாவட்ட நிருவாகமும் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் இணைந்து முழு எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கின. ஏறத்தாழ 20 ஆயிரம் தன்னார்வலர் இதில் பங்கேற்றனர். 1990 பிப்ரவரி 4ஆம் நாள் அன்றைய தலைமை அமைச்சர் வி.பி. சிங், எர்ணாகுளத்தை நாட்டின் முதல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என அறிவித்தார். 1991 ஏப்ரல் 18ஆம் நாள் கோழிக்கோட்டில் கேரள மாநிலம் முழுவதற்கும் அத்தகைய அறிவிப்பு வெளியானது. அந்த அறிவிப்பை வாசித்தவர் அமைச்சரோ அதிகாரியோ அல்லர். இயக்கத்தின் வழி எழுதப் படிக்கக் கற்ற மலப்புறம் மாவட்டத்து முதியவர் சேலக்கோடன் ஆயிஷா.

செய்தி வழங்கும் கலையின் நோக்கில் இந்நிகழ்வு சிறப்பாகக் கருதத்தக்கது. நாள் முன்னரே குறிக்கப்பட்டிருந்தது; இடம் தெரிவு செய்யப்பட்டிருந்தது; படத்துக்குரிய முகமும் சொல்லுக்குரிய குரலும் ஒருவரிடமே அமைந்திருந்தன. பல மாதங்கள் மாலை வேளைகளில் விளக்கொளியில் நடந்த பாடங்கள் அனைத்தும் ஒரு மேடையில், ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குப் புலனாயின.

ஆயினும் 'முழு' என்னும் சொல் நுணுகி நோக்கத்தக்கது. 1991ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் ஏழு வயதுக்கு மேற்பட்டோரின் எழுத்தறிவு 89.81 விழுக்காடு. கணக்கில் கொள்ளப்பட்ட வயது வரம்பும், எழுத்தறிவுக்குக் கொள்ளப்பட்ட அளவுகோலும் இயக்கத்திற்கும் கணக்கெடுப்பிற்கும் வேறுபட்டவை. இயக்கத்தின் வரையறையில் 'முழு' என்பது ஒரு கலைச்சொல். செய்தித்தாளை விரித்த வாசகருக்கோ அது 'எல்லோரும்' என்றே பொருள் தந்தது. எஞ்சிய பத்தில் ஒருவர் அறிவிப்பு நாளிலேயே செய்தியிலிருந்து மறைந்தனர். விழாவுக்குப் பின்னர், கற்றவர் கற்றதை மறவாதிருக்கச் செய்யவேண்டிய தொடர்கல்விப் பணிக்கு அவ்வளவு பெரிய மேடை அமையவில்லை. அறிவிப்பை உருவமாகக் கொண்ட செய்திக்கு முடிவு உண்டு, தொடர்ச்சி இல்லை.

2. புதுக்கோட்டை: இதழாளர் கண்டெடுத்த செய்தி

எர்ணாகுளத்தின் பட்டறிவு தமிழகத்திலும் பின்பற்றப்பட்டது. அறிவொளி இயக்கம் நடைபெற்ற மாவட்டங்களுள் புதுக்கோட்டை தனித்துக் குறிப்பிடத்தக்கது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில், எழுத்தறிவோடு பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதும் இயக்கத்தின் பகுதியாக அமைந்தது. சைக்கிள் வாங்குவதற்கு வங்கிக் கடன் கிடைக்கவும் வழிசெய்யப்பட்டது. 1992ஆம் ஆண்டு உலக மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலமாகச் சென்றனர்.

இம்மாற்றம் பரந்த கவனம் பெற்றதில் இதழாளர் பி. சாய்நாத்தின் எழுத்துக்குப் பெரும்பங்கு உண்டு. நாட்டின் மிக வறிய மாவட்டங்கள் சிலவற்றில் தங்கி, வறுமை குறித்து ஆங்கில நாளிதழ் ஒன்றுக்கு எழுதிவந்த அவர், புதுக்கோட்டையில் கண்டதையும் பதிவுசெய்தார். அப்பதிவு 1996இல் வெளிவந்த அவருடைய நூலில் இடம்பெற்றது. பின்னர் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமத்தின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் அது ஒரு பாடமாகவும் சேர்க்கப்பட்டது. தமிழகத்து ஊர்ப்புறப் பெண்கள் சைக்கிள் கற்ற செய்தியை, பல்லாண்டுகள் கழித்து வடநாட்டுக் குழந்தைகள் வகுப்பறையில் படித்தனர்.

எர்ணாகுளச் செய்திக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. அங்கே அமைப்பு செய்தியை முடித்த நிலையில் கையளித்தது. இங்கே செய்தியின் பொருள் அன்றாட வாழ்வில் இருந்தது: குடிநீர் எடுத்துவருவது, குழந்தையைப் பள்ளியில் விட்டு வேலைக்குச் செல்வது, பேருந்துக்குக் காத்திராமல் சந்தைக்குச் செல்வது ஆகிய செயல்களில் ஏற்பட்ட மாற்றம் அது. அதனை ஒரு பக்கக் குறிப்பில் எழுதி அனுப்பியிருந்தால் அதன் பொருள் விளங்கியிருக்குமா என்பது ஐயமே. ஊரில் தங்கிக் கேட்கும் நேரம் ஓர் இதழாளருக்குக் கிடைத்தமையால் அது விளங்கிற்று. அத்தகைய நேரம் இந்திய நாளிதழ்களில் பின்னர் அரிதாயிற்று. அந்த இடைவெளியை நிரப்ப வந்ததே கணக்கெடுப்பு.

3. ஆய்வறிக்கையிலிருந்து தலைப்புச் செய்திக்கு

1999ஆம் ஆண்டு, அனுராதா டே, ஜான் டிரேஸ் முதலியோர் உருவாக்கிய அடிப்படைக் கல்வி குறித்த பொது அறிக்கை நூலாக வெளிவந்தது. 'புரோப்' என்னும் குறும்பெயரால் அறியப்படும் இவ்வறிக்கைக்கான கள ஆய்வு 1996இல் பீகார், மத்தியப் பிரதேசம், இராசஸ்தான், உத்தரப் பிரதேசம், இமாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் நடைபெற்றது. ஆய்வாளர் முன்னறிவிப்பின்றிச் சென்றபோது, ஏறத்தாழப் பாதிப் பள்ளிகளில் மட்டுமே கற்பித்தல் நடந்துகொண்டிருந்தது. ஏழைப் பெற்றோர் கல்வியில் நாட்டமற்றவர் என்னும் நெடுநாள் எண்ணத்தையும் இவ்வறிக்கை சான்றுகளோடு மறுத்தது.

அறிஞர்க்கு மட்டுமன்றிப் பொதுவாசகர்க்கும் எழுதப்பட்ட நூல் அது. பெட்டிச் செய்திகள், படங்கள், ஊர்க்காட்சிகள் ஆகியவற்றால் அமைந்திருந்தமையால், இதழாளர் எடுத்தாள எளிதாக இருந்தது. ஆயினும், பள்ளிக் கட்டடத்தின் நிலை, ஓராசிரியர் பள்ளிகளின் சுமை, பெற்றோரின் ஆர்வம், ஆசிரியரின் சோர்வு ஆகிய அனைத்தையும் சேர்த்துச் சொன்ன அந்நூலிலிருந்து எளிதில் பிரிந்து வெளிவரக்கூடியது கற்பித்தல் நடவாத பள்ளிகள் பற்றிய எண்ணே ஆகும்.

இப்போக்கு 2005ஆம் ஆண்டு மேலும் தெளிவாகிறது. மைக்கேல் கிரெமர், கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் 20 மாநிலங்களின் ஊர்ப்புறங்களில் 3,700 பள்ளிகளில் நடத்திய ஆய்வு அவ்வாண்டு வெளியானது. அரசுப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்ற வேளையில் 25 விழுக்காடு ஆசிரியர் பள்ளியில் இல்லை என்பது அதன் புகழ்பெற்ற கண்டறிதல். 'நால்வரில் ஒருவர் பள்ளிக்கு வருவதில்லை' என்னும் வாக்கியமாக அது பொதுவெளியில் நிலைத்தது.

'பள்ளியில் இல்லை' என்பதும் 'பள்ளிக்கு வருவதில்லை' என்பதும் ஒன்றல்ல. முன்னதில் விடுப்பில் இருப்பவர், பயிற்சிக்குச் சென்றவர், தேர்தல் பணியோ கணக்கெடுப்புப் பணியோ அளிக்கப்பட்டவர் ஆகியோரும் அடங்குவர். 2017இல் அஸிம் பிரேம்ஜி அறக்கட்டளை ஆறு மாநிலங்களில் 619 பள்ளிகளில் நடத்திய ஆய்வு, இக்காரணங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டியது. காரணமின்றி வாராதிருந்த ஆசிரியர் 2.5 விழுக்காட்டினரே என்பது அதன் முடிவு. இரு ஆய்வுகளின் காலமும் களமும் முறையும் வேறானவை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பொய் எனல் ஆகாது. ஆயினும் முதல் எண் பெற்ற புகழில் சிறுபகுதியையும் இரண்டாம் எண் பெறவில்லை. ஒரு தொழிலைச் சேர்ந்த இலட்சக்கணக்கானோரின் நற்பெயர், ஓர் ஆய்வின் வரையறைச் சொல் செய்தியில் எவ்வாறு பெயர்க்கப்பட்டது என்பதைப் பொறுத்திருந்தது என்பது இங்கு உணரத்தக்கது.

4. அசர்: ஒரே வாக்கியமாகிய அறிக்கை

2004ஆம் ஆண்டு நடுவண் அரசு அடிப்படைக் கல்விக்கென 2 விழுக்காடு கல்வி மேல்வரி விதித்தது. அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்ட உரையில், செலவிடப்படும் தொகை தானாகவே விளைவாகிவிடாது என நிதியமைச்சர் ப. சிதம்பரம் எச்சரித்தார். வரி செலுத்துவோர் கேட்கத்தக்க வினா ஒன்று அவ்வேளையில் உருவாகியிருந்தது: குழந்தைகள் கற்கிறார்களா? அவ்வினாவுக்கு ஆண்டுதோறும் விடைதர முன்வந்தது 'பிரதம்' என்னும் தன்னார்வ அமைப்பு. 1990களின் நடுவில் மும்பையின் குடிசைப் பகுதிகளில் தொடங்கப்பட்ட அவ்வமைப்பு, 2005இல் 'அசர்' எனப்படும் கல்வி நிலை ஆண்டறிக்கையைத் தொடங்கியது. அசர் என்னும் இந்திச் சொல்லுக்குத் 'தாக்கம்' என்பது பொருள்.

இவ்வறிக்கையின் அமைப்பு செய்தி வழங்கும் நோக்கில் ஆராயத்தக்கது. கணக்கெடுப்பு பள்ளியில் அன்றி வீட்டில் நடக்கிறது. 2006 முதல், ஒரு மாவட்டத்துக்கு 30 ஊர்கள், ஊருக்கு 20 வீடுகள் என 600 வீடுகள் தெரிவு செய்யப்படுகின்றன. உள்ளூர்க் கல்லூரி மாணவரும் தன்னார்வலரும் வீடுவீடாகச் சென்று 5 முதல் 16 வயது வரையுள்ள குழந்தைகளைத் தனித்தனியே படிக்கச் சொல்கின்றனர். கருவி ஒரே ஒரு தாள்: அதில் எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்பு அளவிலான சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான சிறு கதை ஆகியவை உள்ளன. கணக்கில் எண்ணறிதல், கடன்வாங்கிக் கழித்தல், வகுத்தல் ஆகியவை உள்ளன. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் அத்தாள் உருவாக்கப்படுகிறது.

இவ்வெளிமையால் மூன்று நன்மைகள் விளைந்தன. முதலாவது, கருவியை யாரும் புரிந்துகொள்ளலாம். புள்ளியியல் அறியாத நிருபரும் அத்தாளை எடுத்துச்சென்று தெருவில் விளையாடும் குழந்தையிடம் நீட்டிப் பார்க்கலாம். இரண்டாவது, முடிவை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: 'ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடியவில்லை.' இவ்வாக்கியத்தில் கலைச்சொல் இல்லை, மதிப்பெண் இல்லை, ஆனால் அதிர்ச்சி உண்டு. மூன்றாவது, நாள். அறிக்கை பெரும்பாலும் சனவரியில் வெளியிடப்பட்டது. வரவுசெலவுத் திட்டம் பற்றிய பேச்சு தொடங்கும் காலம் அது. பொதுத் தேர்வுப் பரபரப்பு தொடங்காத காலமும் அதுவே. மாநிலவாரியாகத் தனித்தனிப் பக்கங்கள் இருந்தமையால், தலைநகரில் வெளியான ஓர் அறிக்கை ஒவ்வொரு மாநில நாளிதழுக்கும் உள்ளூர்ச் செய்தியாயிற்று.

2014 வரை ஆண்டுதோறும் இவ்வறிக்கை வெளிவந்தது. ஒவ்வோராண்டும் வருவதனால், சென்ற ஆண்டோடு ஒப்பிடும் வாய்ப்பு இதழாளருக்குக் கிடைத்தது. 'ஏறியது', 'இறங்கியது' என்னும் இரு சொற்களுள் ஒன்று எப்போதும் தலைப்புக்குக் கிடைத்தது. எர்ணாகுளத்து விழாச் செய்திக்கு இல்லாதிருந்த தொடர்ச்சி இங்கு அமைந்தது. 2016 முதல் முழுக் கணக்கெடுப்பு ஓராண்டு விட்டு ஓராண்டு எனத் திட்டமிடப்பட்டு, இடைப்பட்ட ஆண்டுகளில் பதின்வயதினர், மழலையர் பற்றிய சிறு ஆய்வுகள் வெளியிடப்பட்டன.

5. தரவரிசை என்னும் உருவம்

எண்ணைவிடவும் விரைவாகச் செய்தியாவது தரவரிசை. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 2000 முதல் நடத்திவரும் பிசா தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியில் தமிழகமும் இமாசலப் பிரதேசமும் இந்தியாவின் சார்பில் பங்கேற்றன. முடிவுகள் 2011 திசம்பரில் வெளியாயின. வாசிப்பில் 74 பங்கேற்பாளருள் தமிழகம் 72ஆம் இடத்தையும் இமாசலப் பிரதேசம் 73ஆம் இடத்தையும் பெற்றன.

கல்வியில் நாட்டின் முன்னணி மாநிலங்களாகக் கருதப்பட்டமையாலேயே இவ்விரண்டும் பங்கேற்றன. ஆனால் செய்தியில் நின்றது 'கடைசி மூன்று இடங்களுள்' என்பது மட்டுமே. எந்த வகை வினாக்களில் மாணவர் இடர்ப்பட்டனர், பாடநூலை ஒப்பிக்கும் பழக்கத்துக்கும் அறியாத பகுதியைப் படித்துப் பொருள்கொள்ளும் திறனுக்கும் உள்ள இடைவெளி எத்தகையது ஆகிய வினாக்கள் பின்தள்ளப்பட்டன. அடுத்த சுற்றிலிருந்து இந்தியா விலகியது. வினாக்கள் இந்தியச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்பது கூறப்பட்ட காரணம். தரவரிசை எழுப்பிய செய்தி, அளவீட்டையே நிறுத்தும் விளைவைத் தந்தது. அசர் போன்ற அறிக்கைகள் அரசின் இசைவை வேண்டாமல் வீடுகளில் நடத்தப்பட்டமையால் இத்தகைய நிறுத்தத்துக்கு ஆளாகவில்லை என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

6. ஓர் அட்டவணை, இரு தலைப்புகள்

அசர் அறிக்கையின் எண்களும் தலைப்பாகும்போது உருமாறுவதுண்டு. 2024ஆம் ஆண்டு அறிக்கை 605 ஊரக மாவட்டங்களில் 6,49,491 குழந்தைகளை உள்ளடக்கியது. அதன்படி, அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லவர் 23.4 விழுக்காட்டினர். 2022இல் இது 16.3 ஆகவும், பெருந்தொற்றுக்கு முன்னர் 2018இல் 20.9 ஆகவும் இருந்தது. இதிலிருந்து இரு தலைப்புகள் எழுதலாம். 'மூன்றாம் வகுப்பில் நால்வரில் மூவருக்கு மேல் படிக்க இயலவில்லை' என்பது ஒன்று. 'பெருந்தொற்றின் இழப்பை மீட்டு முந்தைய நிலையையும் கடந்தன அரசுப் பள்ளிகள்' என்பது மற்றொன்று. இரண்டும் அதே எண்களின் பொருளே. எது முதலில் வைக்கப்படும் என்பதைச் செய்திக் குறிப்பின் முதல் வரியும் செய்தி ஆசிரியரின் தெரிவும் முடிவு செய்கின்றன.

'படிக்க இயலவில்லை' என்பதிலும் ஒரு மயக்கம் உண்டு. கருவியின் படிநிலைகளை நோக்கினால், இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க இயலாத குழந்தைகளுள் முதல் வகுப்புப் பத்தியைத் தடையின்றிப் படிப்பவரும், சொற்களை மட்டும் படிப்பவரும், எழுத்தும் அறியாதவரும் உள்ளனர். இம்மூவருக்கும் வகுப்பறையில் தரவேண்டிய உதவி வெவ்வேறானது. அறிக்கையின் அட்டவணை இவர்களைத் தனித்தனியே காட்டுகிறது. தலைப்பு மூவரையும் ஒன்றாக்கிவிடுகிறது.

மாநிலங்களை ஒப்பிடுவதிலும் இத்தகைய இடர் உள்ளது. தமிழ் ஒட்டுநிலை மொழி. வேற்றுமை உருபும் கால இடைநிலையும் விகுதியும் சேர்ந்து சொல் நீளும் இயல்புடையது. 'வீட்டுக்குச் சென்றுகொண்டிருந்தார்கள்' என்னும் தொடரை ஒரு குழந்தை படிப்பதும், அதே பொருளைச் சிறுசிறு சொற்களாகப் பிரித்தெழுதும் இந்தி போன்ற மொழியில் மற்றொரு குழந்தை படிப்பதும் ஒரே முயற்சி எனக் கொள்ள இயலாது. ஒரு மாநிலத்தின் இன்றைய நிலையை அதன் நேற்றைய நிலையோடு ஒப்பிடுவது பொருத்தமுடையது. இரு மொழிகளின் குழந்தைகளை ஒரே பட்டியலில் மேலும் கீழும் அடுக்குவது அவ்வளவு பொருத்தமுடையதன்று. எனினும் நாளிதழ் வாசகர் முதலில் தேடுவது தம் மாநிலத்தின் இடத்தையே ஆதலால், பட்டியலே மீண்டும் மீண்டும் அச்சேறுகிறது.

7. செய்தியின் வாசகர் யார்?

அசர் அறிக்கையின் அடிப்படை நம்பிக்கை குடிமக்கள் சார்ந்தது. எளிய கருவியால் கண்டறிந்த உண்மையைப் பெற்றோரும் ஊராரும் அறிந்தால், அவர்கள் பள்ளியை வினவுவர். பள்ளி மாறும் என்பதே அது. இந்நம்பிக்கையைப் பிரதம் அமைப்பே ஆய்வுக்கு உட்படுத்தியது போற்றத்தக்கது. அபிஜித் பானர்ஜி, ருக்மிணி பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் 280 ஊர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. சில ஊர்களில் கல்விக் குழுவின் உரிமைகள் விளக்கப்பட்டன. வேறு சில ஊர்களில், அதனுடன் குழந்தைகளின் படிப்புநிலையைத் தாமே சோதித்தறியவும் ஊரார்க்குக் கற்றுத்தரப்பட்டது. இவ்விரண்டினாலும் பள்ளியில் பெற்றோர் ஈடுபாடோ ஆசிரியர் முயற்சியோ கற்றலோ குறிப்பிடத்தக்க அளவில் மாறவில்லை. மூன்றாம் வகை ஊர்களில், இவற்றோடு உள்ளூர் இளைஞர்க்குப் படிப்பு முகாம் நடத்தும் பயிற்சியும் தரப்பட்டது. அம்முகாம்களுக்குச் சென்ற குழந்தைகள் முன்னேறினர்.

அசரைப் பின்பற்றிக் கென்யா, தான்சானியா, உகாண்டா ஆகிய நாடுகளில் 2009இல் 'உவேசோ' தொடங்கப்பட்டது. கென்ய ஊர்ப்புறங்களில் அதன் விளைவை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வும் இத்தகைய முடிவையே தந்தது: தம் குழந்தைகளின் நிலையை அறிந்த பெற்றோர், அறியாத பெற்றோரைவிடக் கூடுதலாகச் செயல்பட்டனர் என்பதற்குச் சான்று கிட்டவில்லை. பெற்றோரிடம் குறைந்திருந்தது அக்கறை அன்று. அறிந்தபின் செய்வதற்குரிய வழியே எனக் கொள்வது தகும்.

ஆனால் இச்செய்தி வேறோரிடத்தில் வலுவுடன் படிக்கப்பட்டது. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் (2012 – 2017) கற்றல் அடைவைக் கல்விக் கொள்கையின் மையத்துக்குக் கொண்டுவந்தது. 2017இல் கல்வி உரிமைச் சட்ட விதிகளில் வகுப்புவாரிக் கற்றல் விளைவுகள் சேர்க்கப்பட்டன. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஐந்து கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறவில்லை எனக் குறிப்பிட்டது. 2021 சூலையில் நடுவண் அரசு 'நிபுண் பாரத்' திட்டத்தைத் தொடங்கியது. தமிழக அரசு 2022இல் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. இவற்றுக்கெல்லாம் ஓர் அறிக்கையையே காரணமாகக் காட்டுதல் மிகையாகும். பெருந்தொற்றுக் காலப் பள்ளி மூடலும் பிற ஆய்வுகளும் அரசியல் சூழலும் பங்களித்தன. ஆயினும், பள்ளியில் சேர்ந்தோர் தொகையையே வெற்றியின் அளவாகக் கொண்டிருந்த நாட்டில், சேர்ந்தவர் கற்றனரா என்னும் வினாவை விலக்க முடியாததாக்கியதில் ஆண்டுதோறும் வந்த அச்செய்திக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை மறுக்க இயலாது.

பெற்றோரை நோக்கி எழுதப்பட்ட மடல், செயலகத்தில் பிரித்துப் படிக்கப்பட்டது எனலாம். இதனால் நன்மை விளைந்தது. ஒரு குறையும் விளைந்தது. மேலிருந்து வந்த ஆணையாகவே மாற்றம் பள்ளியை அடைந்ததால், செய்தியில் குற்றஞ்சாட்டப்பட்டவராக நின்ற ஆசிரியர், தீர்விலும் பதிவேடு நிரப்புபவராகவே நின்றார். ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு, எழுத்தறியாத குழந்தைக்கும் கதை படிக்கும் குழந்தைக்கும் ஒரே வேளையில் கற்பிப்பது எவ்வாறு என அவரிடம் கேட்ட செய்திகள் மிகச் சிலவே.

முடிவுரை

கல்வி அமைப்புகள் இதழாளர்க்குச் செய்தி வழங்கிய வரலாற்றை நோக்குங்கால் மூன்று முடிவுகளைப் பெறமுடிகிறது.

முதலாவது, செய்தியின் உருவம் அதன் பொருளையும் வரையறுக்கிறது. அறிவிப்பு எஞ்சியோரை மறைத்தது. விழுக்காடு காரணத்தை மறைத்தது. தரவரிசை பாடத்தையே மறைத்தது. இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஒவ்வொன்றும் உண்மையின் ஒரு பகுதியை மற்றொரு பகுதியின் மறைவில் காட்டியது.

இரண்டாவது, எளிமை தானே குற்றமன்று. ஒரு தாளில் அடங்கிய கருவியும் ஒரு வரியில் அடங்கிய முடிவும் இல்லாதிருந்தால், ஊரகக் குழந்தைகளின் படிப்புநிலை நாட்டின் பேச்சுப்பொருளாகியிருக்காது. அந்த முதல் வரிக்கு அடுத்த வரியாக எது வைக்கப்படுகிறது என்பதிலேயே வேறுபாடு அமைகிறது. 25 விழுக்காட்டுடன் அதன் காரணப் பிரிவுகளும், 'படிக்க இயலவில்லை' என்பதுடன் எந்தப் படிநிலை வரை படிக்க இயன்றது என்பதும், மாநிலத்தின் இடத்துடன் அதன் முந்தைய நிலையும் முதற்பக்கக் குறிப்பிலேயே தரப்படுமாயின், தலைப்பு சிறுத்தாலும் பொருள் சிறுக்காது.

மூன்றாவது, அறிந்தவுடன் மாற்றம் நிகழும் என்னும் நம்பிக்கை ஜவுன்பூரிலும் கென்யாவிலும் மெய்ப்படவில்லை. செய்தியுடன் செயலுக்கான வழியும் சேர்ந்த இடத்திலேயே குழந்தைகள் முன்னேறினர். புதுக்கோட்டைப் பெண்கள் பற்றிய பதிவு இன்றும் படிக்கப்படுவதற்கும் இதனையே காரணமாகக் கொள்ளலாம். எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதை எண்ணுவதோடு அது நிற்கவில்லை. கற்றவர்கள் கற்றதைக்கொண்டு எங்கே சென்றார்கள் என்பதை அது சொன்னது.